போற்றத்தக்கவர் பட்டியல்கள்: எதை அளக்கின்றன, எதை அளப்பதில்லை

'உலகில் மிகவும் போற்றப்படும் மனிதர்கள்', 'செல்வாக்கு மிக்க நூறு பேர்', 'நாட்டின் தலைசிறந்த தலைவர்' என்ற தலைப்புகளில் ஊடகங்களும் கருத்துக்கணிப்பு நிறுவனங்களும் வெளியிடும் தரவரிசைகள், வெளிவந்த சில மணி நேரத்திலேயே கைப்பேசிகளில் பரவி, இடம்பெற்றவரின் தகுதிக்கு வழங்கப்பட்ட சான்றிதழாகவே ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஆனால் இப்பட்டியல்கள் பெரும்பாலும் அளப்பது ஒருவர் எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருக்கிறார் என்பதை மட்டுமே. அவர் எந்த அளவுக்கு மதிக்கத்தக்கவர் என்பதை அளக்கும் கருவி அவற்றிடம் இல்லை. புகழுக்கும் மதிப்புக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை உணர்வதற்குப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் அரிது. பல நாட்டு மக்களின் உடல்நலத்தையும் உரிமைகளையும் காத்த பணிகள் இத்தீவில் தொடங்கியிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் பெயர்களோ ஜார்ஜ்டவுன் தெருக்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

பட்டியல் உருவாகும் மூன்று வழிகள்

இத்தகைய தரவரிசைகளை அவை உருவாகும் முறையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை மாதிரிக் கணிப்பு. அதாவது, மக்கள்தொகையிலிருந்து சிலரை முறைப்படி தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்டு, அவர்களின் விடைகளைக் கொண்டு எல்லாருடைய கருத்தையும் மதிப்பிடுவது. அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 1946 முதல் 2020 வரை பெரும்பாலான ஆண்டுகளில் நடத்திய கணிப்பு இவ்வகையில் பழமையான ஒன்று. பெயர்ப்பட்டியல் எதையும் காட்டாமல், இன்று உயிரோடிருப்பவர்களில் யாரை மிகவும் போற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டதால், அது ஓரளவு நேர்மையான முறையாகவே இருந்தது. ஆயினும் பெரும்பாலான ஆண்டுகளில் ஆண்கள் வரிசையில் முதலிடம் பெற்றவர் அந்நேரத்தில் பதவியிலிருந்த அமெரிக்க அதிபரே. 2020இல் டோனல்ட் டிரம்ப் 18 விழுக்காட்டுடன் முதலிடத்திலும், பராக் ஒபாமா 15 விழுக்காட்டுடன் இரண்டாமிடத்திலும் நின்றனர். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் அவர் பெயரைச் சொல்லாத நிலையிலும் ஒருவர் 'மிகவும் போற்றப்படுபவர்' ஆக முடிந்தது என்பதைத் தலைப்புச் செய்திகள் எடுத்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கேட்கப்படும் கணிப்புகளில் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை முடிவிலிருந்து இருபுறமும் விலகியிருக்கக்கூடிய அளவு, மூன்று நான்கு புள்ளிகள் வரை இருக்கும். ஆகவே அந்த முதலிடமும் இரண்டாமிடமும் உறுதியாகப் பிரித்துச் சொல்லத்தக்கவை அல்ல.

இரண்டாம் வகை திறந்த வாக்கெடுப்பு. விரும்பியவர் எவரும் இணையத்திலோ குறுஞ்செய்தியிலோ வாக்களிக்கலாம். இங்கே அளக்கப்படுவது ஆர்வமும் அணிதிரளும் ஆற்றலுமே. 1999இல் பிபிசி இணையதளம் நடத்திய வாக்கெடுப்பில் ஆயிரமாண்டின் தலைசிறந்த நடிகராக அமிதாப் பச்சன் தேர்வானார். சாப்ளினும் ஒலிவியேவும் அவருக்குப் பின்னால் நின்றனர். 2002இல் பிபிசி தொலைக்காட்சி மிகச்சிறந்த பிரிட்டானியர் யார் என்று கேட்டபோது, சர்ச்சிலுக்கு அடுத்த இடத்தை இசம்பார்ட் புருனெல் என்ற பொறியாளர் பிடித்தார். அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் திரண்டு வாக்களித்தது அதற்கு ஒரு காரணம். மூன்றாம் இடம் இளவரசி டயானாவுக்குக் கிடைத்தது. டார்வினும் ஷேக்ஸ்பியரும் நியூட்டனும் அவருக்குக் கீழே வைக்கப்பட்டனர். அதே ஆண்டில் பிபிசி உலக சேவை உலகின் தலைசிறந்த பாடல்களுக்கு வாக்குக் கேட்டபோது 'தளபதி' படப் பாடல் ஒன்று நான்காம் இடம் பெற்றதில் தமிழர்கள் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் முதலிடம் பெற்ற அயர்லாந்துப் பாடலுக்காக மின்னஞ்சல் வழியே பிரசாரம் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வரிசை இசையின் தரத்தைவிட ரசிகர்களின் ஒருங்கிணைப்பையே காட்டியது என்பது விளங்கும்.

திறந்த வாக்கெடுப்பு எவ்வளவு எளிதில் வளைக்கப்படும் என்பதற்கு டைம் இதழின் அனுபவமே சான்று. 2009இல் அதன் இணைய வாக்கெடுப்பைக் குறும்புக்கார நிரலாளர்கள் கைப்பற்றி, தங்கள் இணையத்தளத்தின் நிறுவனரை முதலிடத்தில் அமர்த்தியதோடு, அடுத்தடுத்த பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து தங்களுக்குள் வழங்கிய ஒரு தொடராக அமையும்படியும் வரிசையை மாற்றிவிட்டனர். 2012இல் வடகொரியாவின் கிம் ஜோங் உன் இதே முறையில் 'ஆண்டின் மனிதர்' வாசகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றார்.

மூன்றாம் வகை ஆசிரியர் குழுவின் தேர்வு. டைம் இதழ் 1927 முதல் தேர்ந்தெடுத்துவரும் 'ஆண்டின் மனிதர்' விருதன்று. நல்லதற்கோ கெட்டதற்கோ அவ்வாண்டின் செய்திகளை அதிகம் பாதித்தவர் யார் என்பதே அதன் அளவுகோல். 1930இல் காந்தியும் 1938இல் ஹிட்லரும் அதே வரிசையில் இடம்பெற்றது இதனால்தான். அளவுகோலை அறியாத வாசகர் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள நேரிடும். பாராட்டும் நோக்கில் எழுதப்படும் பட்டியல்களும் தவறுவதுண்டு. இரத்தப் பரிசோதனை நிறுவனம் நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் 2015இலும், மறைநாணய வணிகரான சாம் பேங்க்மன்-ஃபிரைட் 2022இலும் அவ்விதழின் செல்வாக்கு மிக்க நூறு பேரில் இடம்பெற்றனர். இருவரும் பின்னர் மோசடிக் குற்றத்திற்காகச் சிறை சென்றனர்.

தெரிந்த முகமே சிறந்த முகமாகும் விதம்

ஒரே பெயர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கு மனத்தின் இயல்பும் காரணமாகிறது. திரும்பத் திரும்பக் கண்ணில் படும் எதையும், அதைப் பற்றி வேறொன்றும் அறியாத நிலையிலும், மனிதர்கள் விரும்பத் தொடங்குகிறார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்; பொருள் தெரியாத எழுத்துகளைக்கூட, பலமுறை பார்த்தவர்கள் நல்ல பொருள் தருபவையாக மதிப்பிட்டனர். விடை சொல்ல நேரும்போது எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாகவும் நிகழ வாய்ப்புள்ளதாகவும் கருதும் போக்கும் உண்டு என்று டிவெர்ஸ்கியும் கானமனும் 1973இல் விளக்கினர். செய்தியில் வந்தவர் நினைவில் நிற்கிறார், நினைவில் நின்றவர் பட்டியலில் ஏறுகிறார், பட்டியலில் ஏறியதால் மீண்டும் செய்தியாகிறார்.

பினாங்கில் 1879இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தேயின் வாழ்க்கை இதைத் தெளிவாக்குகிறது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் பரவி ஏறத்தாழ அறுபதாயிரம் பேரைக் கொன்ற நுரையீரல் கொள்ளைநோய் காற்றின் வழியே தொற்றுகிறது என்று கண்டறிந்து, பஞ்சும் துணியும் கொண்ட முகக்கவசத்தைப் பரப்பி, அடுத்த வேனிற்காலத்திற்குள் அந்நோயை அடக்கியவர் அவர். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 1960இல் பினாங்கிலேயே மறைந்த அவரை உலகம் பல பத்தாண்டுகள் மறந்திருந்தது. கோவிட் பரவி முகக்கவசம் செய்தியானபோதுதான் அவர் பெயர் மீண்டும் பேசப்பட்டது; 2021 மார்ச்சில் கூகுளின் முகப்பிலும் அவர் படம் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய சாதனை கூடவுமில்லை குறையவுமில்லை; மாறியது செய்தியின் தேவை மட்டுமே.

பட்டியலுக்கு வெளியே நின்ற பணிகள்

தமிழ்நாட்டில் 1926இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருந்த டத்தோ எஸ்.எம். முகமது இட்ரிஸ், 1969இல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திற்கு 2019 மே 17ஆம் நாள் மறையும் வரை தலைமை தாங்கினார். பிறை தொழிற்பேட்டைக் கழிவால் ஆறு மாசுபட்டு வாழ்விழந்த கோலா ஜூரு மீனவர்களுக்கும், கொடிமலையைக் கேளிக்கை நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்த மக்களுக்கும், பேராக் மாநிலம் புக்கிட் மேராவில் அரியமண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து நீதிமன்றம் சென்ற குடியிருப்பாளர்களுக்கும் அச்சங்கமும், 1977இல் தோன்றிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் துணைநின்றன. பின்னது சரவாக் காடுகளைக் காக்க நடத்திய போராட்டத்திற்காக 1988இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றது.

அதே விருதை 1982இல் பெற்ற அன்வார் ஃபசால், உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். அக்கூட்டமைப்பின் ஆசிய அலுவலகம் பினாங்கில்தான் இயங்கியது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கை எதிர்க்கும் அனைத்துலக வலையமைப்பு 1982இல் பினாங்கில் பிறந்தது. உலகெங்கும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடைப்பிடிக்கப்படும் தாய்ப்பால் வாரத்தை 1992இல் தொடங்கிவைத்த அமைப்பின் செயலகமும் இங்கேயே உள்ளது. அந்த வாரத்தில் மருத்துவமனைகளில் அறிவுரை பெற்ற தாய்மார்களில் எவரேனும் இப்பணிகளைச் செய்தவர்களின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது ஐயமே. தெரியாத பெயரைக் கணிப்பில் எவரும் சொல்ல மாட்டார்கள்; எனவே பயனடைந்தவர் தொகை எவ்வளவு பெருகினாலும் இத்தகையோரின் இடம் பட்டியலில் உயராது.

போற்றுதல் கண்ணை மறைக்கும்போது

பட்டியல்களால் விளையும் பெருந்தீங்கு, தகுதியானவர்கள் விடுபடுவது மட்டுமன்று. ஒருமுறை போற்றப்பட்டவரைப் பின்னர் கேள்வி கேட்கும் துணிவைச் சமுதாயம் இழப்பதும் ஆகும். மியன்மாரின் ஆங் சான் சூச்சி வீட்டுக்காவலில் காட்டிய உறுதி உண்மையானது. 1991இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு அளிக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எனினும் 2017இல் ரோஹிங்கியா மக்கள் இலட்சக்கணக்கில் விரட்டப்பட்டபோது அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு, அம்னெஸ்டி அமைப்பு தன் உயரிய விருதை 2018இல் திரும்பப் பெற்றது. மலேசியாவில் அகதிகளாகப் பதிவு செய்துகொண்டுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களில் பலர் பினாங்கில் வாழ்வதால், இங்குள்ளோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஒரு செயலைப் போற்றுவது வேறு, ஒரு மனிதரை முழுமையாகப் போற்றித் தரவரிசையில் நிலைநிறுத்துவது வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இவ்வளவு சொன்னதால் எல்லாப் பட்டியல்களும் பயனற்றவை என்று முடிவு கட்டத் தேவையில்லை. முறையாக எடுக்கப்பட்ட கணிப்பு, ஒரு சமுதாயம் அந்நேரத்தில் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை உண்மையாகவே காட்டும். வாசகர் அதைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு: விடை சொன்னவர்கள் யார், எத்தனை பேர், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார், பெயர்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டனவா, கேட்கப்பட்டது செல்வாக்கைப் பற்றியா, நற்பண்பைப் பற்றியா, முதலிடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு பிழை வரம்பைத் தாண்டுகிறதா, இதனால் யாருக்கு வருவாய். இவற்றுக்கு விடையில்லாத பட்டியலைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ளலாகாது.

தமிழ்ப்பள்ளிகளில் 'நான் போற்றும் தலைவர்' என்ற தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்தத் தெளிவு தொடங்க வேண்டும். ஊடகம் உயர்த்திக் காட்டும் பெயரை எழுதும் மாணவரிடம், அவர் செய்த ஒரு செயலையும், அதனால் பயனடைந்தவர்களையும், அதற்காக அவர் இழந்ததையும் எழுதும்படி ஆசிரியர் கேட்டால், பல பெயர்கள் அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். கோலா ஜூருவிலும் புக்கிட் மேராவிலும் மக்களோடு நின்றவர்களின் பெயர்கள் மாணவர்களின் ஏடுகளில் ஏறும். ஒருவர் போற்றத்தக்கவரா என்பதை அவருடைய பணியைக் கொண்டு தாமே ஆராய்ந்து முடிவு செய்யப் பழகிய தலைமுறைக்குத் தரவரிசைகளின் துணை தேவைப்படாது.