தொட்டி மீனை ஆற்றில் விடலாமா?

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் பிடிபடும் மீன் நம் லயங்களுக்கு மலிவான கறி. அதற்குக் கேடு வராமல் காப்பது நம் கையிலும் இருக்கிறது.

கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வளர்க்கும் 'டேங்க் கிளீனர்' மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அது பெருத்ததும், "பாவம், எங்கேயாச்சும் பிழைச்சுப் போகட்டும்" என்று சிலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் இப்போது அது பெருகிவிட்டது. மற்ற மீன்களின் தீனியைத் தின்னும். கரையில் வளை தோண்டும். முள்ளும் தடித்த மேல்தோலும் வலையைக் கிழிக்கும். பெருகிய பின் ஒழிப்பது மிகவும் கஷ்டம்.

நோயும் இப்படித்தான் பரவும். 1980களின் இறுதியில் நம் நாட்டு விரால் மீன்களுக்கு உடம்பெல்லாம் புண் வந்தது. காரணம் பூஞ்சை போன்ற ஒரு கிருமி. நோய்ப்பட்ட மீனோடும் தண்ணீரோடும் ஈர வலையோடும் அது அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

ஆகவே, வேண்டாத தொட்டி மீனைக் கடையில் திருப்பிக் கொடுப்போம். வலையைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வேறு குளத்தில் போடுவோம். செத்த மீனை ஓடையில் வீசாமல், தண்ணீருக்குத் தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.