வளைகுடா மழையில் அமிலம் இருக்கிறதா?

வளைகுடாவில் வருடத்துக்குச் சில நாட்கள்தான் மழை. அன்றைக்கும், "இது அமில மழை, நனைந்தால் தோல் நோய் வரும்" என்று யாராவது செய்தி அனுப்பிவிடுகிறார்கள். குழந்தைகளை வெளியே விடலாமா என்று பல தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

அமில மழை என்பது என்ன?

சுத்தமான மழை நீரிலும் லேசான அமிலத் தன்மை உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால் அதன் பி.எச். அளவு சுமார் 5.6. (7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் அதிகம்.) எண்ணெய் ஆலைகளும் கப்பல்களும் வெளியிடும் கந்தக டை ஆக்சைடும், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றிலேயே கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. இவை மழையோடு இறங்கினால் அது அமில மழை. ஸ்வீடன், நார்வே நாட்டு ஏரிகளில் மீன்கள் அழிந்தது இதனால்தான். ஆனால் பி.எச். 4 உள்ள மழைகூட தக்காளிச் சாறு அளவுக்குத்தான் புளிப்பு. அது தோலைச் சுடாது.

பாலைவனம் தரும் மருந்து

இங்கே நிலைமை இன்னும் வேறு. அரபு மண்ணில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காற்றில் எப்போதும் மிதக்கும் அந்தத் தூசி, நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பது போல, அமிலத்தை அடக்கிவிடுகிறது. ஆகவே இங்கு பெய்யும் மழை பெரும்பாலும் நடுநிலையாகவோ லேசான காரமாகவோ இருக்கிறது. மழை விட்டதும் நம் கார்களின் மேல் பொட்டுப் பொட்டாகச் சேறு படிகிறதே, அது அந்தத் தூசிதான்!

அப்படியானால் கவலை இல்லையா?

உண்டு. அடங்கிய அமிலம் மறைந்துவிடுவதில்லை. சல்பேட், நைட்ரேட் என்னும் நுண் உப்புத் துகள்களாக மாறுகிறது. மாதக்கணக்கில் மழை இல்லாததால் காற்று கழுவப்படுவதில்லை. இத்துகள்கள் உலர்ந்த நிலையிலேயே பால்கனியிலும் செடிகளிலும் படிகின்றன. நம் நுரையீரலுக்குள்ளும் போகின்றன. மாறாமல் மீதியிருக்கும் வாயுக்கள் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக் குழாயைச் சுருக்குகின்றன. 1991ல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் பல மாதங்கள் எரிந்தபோது ஈரானில் கறுப்பு மழை பெய்தது. பார்க்கப் பயமாக இருந்தது மழை; ஆனால் உடலுக்குப் பெரிய தொல்லை சுவாசித்த புகைதான். நாம் அஞ்ச வேண்டியது மழை நாளை அல்ல, மழையில்லாத நாட்களின் காற்றை.

நாம் செய்ய வேண்டியவை

* மழையில் குழந்தைகள் தாராளமாக விளையாடலாம். ஆனால் முதல் மழை காற்றின் அழுக்கை எல்லாம் கொண்டு வரும். அதை வாயில் பிடித்துக் குடிக்க விடாதீர்கள். நனைந்த பின் குளிக்கச் செய்யுங்கள்.

* தேங்கிய நீரில் இறங்க விடாதீர்கள். 2024 ஏப்ரல் 16ல் அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254.8 மி.மீ. கொட்டியதை நாம் அறிவோம். இப்படித் தேங்கும் நீரில் சாக்கடையும் கலந்திருக்கக் கூடும். அமிலத்தைவிட இது ஆபத்து.

* மணற்காற்று வீசும் நாளில் ஜன்னல்களை மூடி வையுங்கள். வீட்டைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஏ.சி. ஃபில்டரைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

* மாலை நடைக்குப் பெரிய சாலை ஓரத்தை விட்டு, உள்ளே தள்ளியிருக்கும் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது முடிந்தவரை இன்ஜினை அணையுங்கள்.

* ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை எப்போதும் கையில் வைத்திருங்கள். இருமலோ இளைப்போ தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை "அமில மழை" என்று செய்தி வந்தால் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். குழந்தைகளோடு மழையை ரசியுங்கள்!