வேகம் 60 தான்... சுகமோ நூற்றுக்கு நூறு! குட்டிப் பந்தயக் கார்களின் ‘கியர்’ ரகசியம்

செவ்வாப்பேட்டை,-

செவ்வாப்பேட்டை ரோடு ரெயில் நிலையத்தில் இறங்கி, சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலை ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள் என்று சாலை திணறும். நடுவே ஒரு வாலிபர் காரை ‘விர்’ரென்று கிளப்புவார். அடுத்த நொடியே முன்னால் லாரி. ‘கிரீச்’சென்று பிரேக்!

காசைக் கொட்டி வேகமான கார் வாங்கியும் ஓட்டுகிற சுகம் கிடைக்கவில்லையே என்பதுதான் இப்படிப்பட்ட வாலிபர்களின் குறை. அந்தச் சுகத்தைத் தேடி ராத்திரி நேரத்தில் காலியான ரோட்டுக்குப் போகிறார்கள். அங்கேதான் வினையே ஆரம்பம்.

சுகம் வேகத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கிறது என்பது இவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அது என்ன ரகசியம்?

சைக்கிள் கற்றுத் தரும் பாடம்

விஷயம் ரொம்ப எளிது. சைக்கிளின் பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருந்தால் மிதிக்க லேசாக இருக்கும், மேட்டில் ஏறும், ஆனால் கால் பறக்க மிதித்தாலும் வேகம் ஒரு அளவுக்கு மேல் போகாது. சின்னப் பல்சக்கரம் என்றால் கிளப்பும்போது கால் கனக்கும், கிளம்பிவிட்டால் பறக்கும்.

பைக் வாலிபர்களுக்கு இது அத்துப்படி. முன் பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதில் 13 பல் போட்டால் ‘பிக்கப்’ சும்மா ஜிவ்வென்று ஏறும். ஆனால் 100 கி.மீ. வேகம் காட்டிய வண்டி, எஞ்சினின் அதே சுற்றில் 93 தான் காட்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்!

காரில் இந்த வேலையைக் கியர் பெட்டியும், மெக்கானிக்குகள் ‘கிரவுன் பினியன்’ என்று சொல்லும் கடைசிப் பல்சக்கர ஜோடியும் சேர்ந்து செய்கின்றன. இழுவை கூடிய கியருக்குக் ‘குட்டை கியர்’ என்றும், வேகம் கூடிய கியருக்கு ‘நெட்டை கியர்’ என்றும் பெயர் வைத்துக்கொள்வோம்.

ஜப்பான் குட்டிக் காரின் கணக்கு

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் ‘மியாட்டா’ என்ற இரண்டு இருக்கை காரை இறக்கியது. எஞ்சின் 1.6 லிட்டர். குதிரைத்திறன் சுமார் 115. பெரிய பந்தயக் கார்களோடு பார்த்தால் இது சுண்டைக்காய். ஆனாலும் உலகம் முழுக்க ஓட்டிப் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்!

கணக்கைப் பாருங்கள். எஞ்சினை 7 ஆயிரம் சுற்று வரை விரட்டினால் முதல் கியரில் 56 கி.மீ., 2-வதில் 94, 3-வதில் 133 வருகிறது. 2-ல் இருந்து 3-க்கு மாற்றும்போது எஞ்சின் சுற்று சுமார் 4,900-க்குத்தான் இறங்குகிறது. அதாவது எஞ்சின் தூங்கிவிடுவதில்லை. அடுத்த கியரிலும் உடனே இழுக்கிறது. 40, 60 கி.மீ. வேகத்திலேயே எஞ்சின் பாடுகிறது. கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு வண்டி தன் பேச்சைக் கேட்கிறது என்ற எண்ணம் வருகிறது. சுகம் என்பது அதுதான்.

135 கி.மீ. போகும் 2-வது கியர்!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியின் ‘718 கேமன் ஜி.டி.4’ காரை ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு, ஒன்றை மட்டும் குறை சொன்னார்கள். கியர்கள் ரொம்ப நெட்டை! 2-வது கியர் ஒன்றே சுமார் 135 கி.மீ. வரை போகிறது. எஞ்சின் முழு மூச்சில் பாடுவதைக் கேட்க வேண்டுமானால், 2-வது கியரிலேயே சட்டத்தை மீற வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நெட்டை கியர் போட்டால் எஞ்சின் சுற்று குறையும், பெட்ரோல் மிச்சம், புகையும் சத்தமும் குறையும், அரசாங்கச் சோதனையில் பாஸ் ஆகலாம். 100 கி.மீ. வேகத்தை ஒரு கியர் குறைவாக மாற்றியே எட்டலாம் என்பதால் விளம்பரத்துக்கும் தோது. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் அதற்கு விலையாகப் போவது ஓட்டுகிற சுகம்.

குட்டை கியரிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. மியாட்டாவில் 100 கி.மீ. வேகத்தில் 5-வது கியரில் போனாலும் எஞ்சின் 3,200 சுற்று சுற்றும். தூரப் பயணத்தில் காது இரையும். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

சோழவரம் சொன்ன கதை

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்குப் போகும் அதே சாலையில், நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில்தான் ஒரு காலத்தில் இந்தியாவே திரும்பிப் பார்த்த மோட்டார் பந்தயம் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1950-களில் தொடங்கி 1980-களின் கடைசி வரை அங்கே கார்கள் பறந்தன. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் அங்கே ஓடின. இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் 1962-ல் ‘டிரையம்ப் ஸ்பிட்பயர்’ என்ற குட்டிப் பந்தயக் கார் பிறந்தது.

விமான ஓடுதளம் என்றால் நேர்கோடு. நேர்கோட்டில் நெட்டை கியர் வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே எஞ்சின் மூச்சு முட்டும். வளைவில் இருந்து வெளியே பாய்வதற்கோ குட்டை கியர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் மெக்கானிக்கின் மூளை இருக்கிறது. அதனால்தான் பெரிய பந்தயங்களில் ஒவ்வொரு களத்துக்கும் ஏற்றபடி பல்சக்கரங்களையே கழற்றி மாற்றினார்கள்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. சுற்றளவில் தனிப் பந்தயக் களம் வந்தது. சோழவரத்தின் சத்தம் ஓய்ந்தது.

மாருதி எஞ்சினில் பிறந்த வீரர்

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன் ஒரு காரியம் செய்தார். குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை பந்தயக் காருக்குள் வைத்தார். ‘பார்முலா மாருதி’ பிறந்தது! சக்தி குறைந்த கார். அதில் ஒரு கியரைத் தப்பாக மாற்றினாலும் பின்னால் வருகிறவர் முந்திவிடுவார். திறமை இல்லாமல் ஜெயிக்க முடியாது.

இந்தப் பார்முலா மாருதியில்தான் நாராயண் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ல் ‘பார்முலா 1’ பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கி.மீ. பந்தயக் களம் இருக்கிறது. பின்னாளில் வந்த ‘பார்முலா எல்.ஜி.பி.’ கார்களின் பெயரும் பைக் செயினும் பல்சக்கரமும் செய்யும் கோவைக் கம்பெனியின் பெயர்தான்!

ஐகோர்ட்டு போட்ட பிரேக்

இனி நம் ரோட்டுக்கு வருவோம். 2018-ல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் கார்களின் வேக வரம்பை 120 கி.மீ. ஆக உயர்த்தியது. 2021-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சென்னை ஐகோர்ட்டு அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. வேகம்தான் உயிரைக் குடிக்கிறது என்பது கோர்ட்டின் கவலை.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், டிரைவர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கும் ஒரு நொடிக்குள் 17 மீட்டர் போய்விடும். 120-ல் 33 மீட்டர்! அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. நடுவே பள்ளிப் பிள்ளை ஒன்று சைக்கிளில் குறுக்கே வந்தால்?

பறந்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, கோவை இருக்கிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடந்ததே, அதுவும் தடுப்புகள் கட்டி, ரோட்டை மூடி, ஆம்புலன்சை நிறுத்தி வைத்துத்தான் நடந்தது.

கார் வாங்கப் போகும் வாலிபர்கள் ‘எத்தனை கி.மீ. போகும்?’ என்று மட்டும் கேட்காமல், ‘2-வது கியர் எத்தனை வரை போகும்?’ என்றும் கேட்டுப் பார்க்கலாம். பதில் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் அந்த வண்டி 50, 60-லேயே உங்களைச் சிரிக்க வைக்கும்.

செவ்வாப்பேட்டை ரோட்டில் 60-க்கு மேல் தேவையும் இல்லை. வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு யாராவது காத்திருப்பார்கள் அல்லவா?