கோட்டை வாயிலும் குகைக் கதவும்

திருகோணமலைப் பிரெடரிக் கோட்டை வாயிலிலே, மீன் உருவத்துடன் உடைந்த தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கல் அது என்பர். பறங்கியருக்குப்பின் வருவோரைப் பெயர் சொல்லாது, பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று கண்ணாற் குறிக்கும் பழம்பாடலொன்றோடு அதனை இணைத்துக் கூறுதல் மரபு. பெயரை மறைத்து அடையாளத்தைக் கொடுப்பதே புதிரின் இயல்பு. தொல்காப்பியர் அதனைப் பிசி என்றார்.

இதனை அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். மேசையைச் சுற்றியிருந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டொன்று உண்டு; 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அவ்வகைக்கு முன்னோடி. என் மாணவருக்காகத் துறைமுகக் குகைக் கதையொன்று அமைத்தேன். கோயில் இடிந்த ஆண்டைச் சொன்னாற்றான் குகைக் கதவு திறக்கும் என்றேன். ஆண்டுகள் மனத்திற் பதியாத மாணவி ஒருத்தி தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். புதிரென்று எண்ணிப் பரீட்சை வைத்துவிட்டேன்!

மறுவாரம் கதவிலே வேறு வாசகம் பொறித்தேன்: "கடல் ஈன்றது, கடல் சேரின் காணாது. அதனை இங்கு இடுக." முத்து, சங்கு, நிலாவெளி உப்பு ஆகிய மூன்றும் கதையின் தொடக்கத்திலேயே அவர்கள் பையில் இருந்தன. அம்மாணவியே உப்பை எடுத்து வைத்தாள். "நுரையும் பொருந்துமே, ஐயா" என்றான் மற்றொருவன். அதற்கும் கதவைத் திறந்தேன்.

விடைக்கு வேண்டியவை ஆடுவோர் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்; பொருந்தும் பிறிதொரு விடையையும் ஏற்றல் வேண்டும். நான் கற்றது இவ்வளவே. அன்று அம்மாணவி தாயக்கட்டையை மீண்டும் கையிலெடுத்தாள்.