பொருளாதாரத் தடையும் போர்க்கால ஆட்சியும்

ஓர் அரசு பிறிதோர் அரசின்மீது படையெடுத்துச் செல்லுமிடத்து, ஏனைய அரசுகள் தாம் வாளெடாமலே அதனைத் தண்டிக்கக் கருதிக் கைக்கொள்ளும் முறை பொருளாதாரத் தடை எனப்படும். கடன் கொடாமை, அந்நாட்டுப் பண்டங்களை வாங்காமை, அதற்கு வேண்டிய மூலப்பொருள்களை விற்காமை, அயல்நாடுகளில் அது வைத்துள்ள பணத்தை முடக்குதல் என்பன இம்முறையின் உறுப்புகளாம். பகைவரின் மதிலை வளைத்தலை உழிஞை எனவும், அதனை உள்ளிருந்து காத்தலை நொச்சி எனவும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். இன்று வளைக்கப்படுவது ஒரு மதிலன்று. ஒரு நாடு முழுவதுமாம். இத்தகைய முற்றுகையினாலே போர்புரியும் அரசாங்கத்தின் ஆட்சிப் பிடி தளருமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினாவுக்கு விடை காணுமுன் இரண்டினை வேறு பிரித்தறிதல் வேண்டும். ஒன்று போர் வலி. மற்றையது ஆட்சிப் பிடி. எண்ணெய், உருக்கு, பணம், போக்குவரவு என்பவற்றால் அமைவது போர் வலி. படையினர் ஆணைக்குக் கீழ்ப்படிதலும், அதிகாரிகளும் செல்வரும் ஆட்சியாளனை விட்டு நீங்காமையும், பொதுமக்கள் பொறுத்திருத்தலும் ஆகியவற்றால் அமைவது ஆட்சிப் பிடி. முன்னையது குறையின் பின்னையதும் தானே குறையும் என்று தடை விதிப்போர் எண்ணுவர். அவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை இத்தாலி நாட்டின் வரலாறு நன்கு விளக்கும்.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி முசோலினியின் படைகள், இன்று எதியோப்பியா எனப்படும் அபிசீனியாவினுட் புகுந்தன. முதலாம் உலக யுத்தத்தின் பின் ஜெனீவாவிலே நிறுவப்பெற்ற சர்வதேச சங்கம், இத்தாலி தன் உடன்படிக்கையை மீறியதெனத் தீர்த்து, நவம்பர் 18ஆந் திகதி முதல் ஏறக்குறைய 50 நாடுகளைக் கொண்டு தடையை நடைமுறைப்படுத்தியது. ஆயுதம் விற்றலும், கடன் கொடுத்தலும், இத்தாலியப் பண்டங்களை வாங்குதலும் நிறுத்தப்பட்டன. இறப்பர், தகரம் முதலிய சில பொருள்களின் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. ஆயினும் பெற்றோலியமும் நிலக்கரியும் உருக்கும் அப்பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. படைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களுக்குச் சுயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியுடன் நேரே போர் மூளுமென்று பிரித்தானியாவும் பிரான்சும் அஞ்சினமையும், சங்கத்திற் சேராத ஐக்கிய அமெரிக்கா எண்ணெய் விற்கக் கூடியதாயிருந்தமையும் இதற்குக் காரணங்களாம்.

இனி, அத்தடை இத்தாலிய மக்களிடத்து விளைத்த பயனைக் காண்பாம். தடை தொடங்கிய நாளை முற்றுகை நாளெனக் குறித்து ஊர்தோறும் கல்வெட்டுப் பதிக்குமாறு முசோலினியின் ஆட்சி கட்டளையிட்டது. டிசெம்பர் 18ஆந் திகதி உரோமாபுரியிலே அரசி எலெனா தமது திருமண மோதிரத்தைக் கழற்றி நாட்டுக்கெனக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து எண்ணிறந்த பெண்கள் தத்தம் பொன் மோதிரங்களைக் கொடுத்து, அவற்றுக்கு ஈடாக உருக்கு மோதிரங்களைப் பெற்று அணிந்தனர். நாடகாசிரியர் பிராந்தெல்லோ தமது நோபெற் பரிசுப் பதக்கத்தை ஈந்தார். அவ்வாட்சியைப் பல்லாண்டு எதிர்த்து எழுதிய தத்துவ அறிஞர் குரோச்சே தாமும், அதன் கொள்கையை ஏற்காதவராயிருந்தும், நாட்டின் பெயரால் தமது மேற்சபைப் பதக்கத்தைக் கொடுத்தார். எதிரியாய் நின்றவரையும் ஆட்சியாளனின் பக்கத்திற் கொணர்ந்து நிறுத்தியது அத்தடை என்க. கம்பளி அருகியபோது பாலின் புரதத்திலிருந்து நூல் செய்து, அதனையும் தன்னிறைவின் வெற்றியென அரசாங்கம் பறைசாற்றியது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கிக் கூறுவாம். 1936 மே 5ஆந் திகதி அடிஸ் அபாபா வீழ்ந்தது. யூன் 30ஆந் திகதி பேரரசர் ஹெயிலி செலாசி ஜெனீவாவுக்கு நேரிற் சென்று முறையிட்டார். யூலை 15ஆந் திகதி தடை நீக்கப்பட்டது. எண்ணெயையும் தடுத்திருந்தால் தாம் பின்வாங்க நேர்ந்திருக்குமென்று முசோலினியே பிற்காலத்தில் இட்லரிடம் கூறியதாக, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்துள்ளார். அவ்வாறாயின், தடை போர் வலியைக் குறைத்திருக்கலாம். ஆனால் மக்களின் மோதிரங்களை வாங்கிய ஆட்சியின் பிடியை அது தளர்த்தவில்லை. அப்பிடி தளர்ந்தது 1943 யூலையிலே, நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியபின். அப்பொழுதும் முசோலினியை வீழ்த்தியவர் அவருடைய பேரவையினரும் அரசருமேயாவர்.

பசியினாலே ஜேர்மனியின் கைசர் வீழவில்லையா என ஒரு சாரார் வினவுவர். தக்க வினாவே அது. 1914 முதல் பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியை முற்றுகையிட்டது. 1915இலே பாணுக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. 1916-17 மாரியிலே உருளைக்கிழங்கு விளையாமற் போகவே, கால்நடைக்கு இடும் கிழங்கை மக்கள் உண்டனர். 1918 சனவரியிலே தொழிலாளர் பெருந்தொகையாக வேலைநிறுத்தஞ் செய்தனர். அரசாங்கம் அதனை அடக்கிவிட்டது. அவ்வாண்டின் கோடையிலே போர்முனையில் தோல்வி உறுதியாகித் தளபதிகளே சமாதானங் கேட்ட பின்னர்தான், நவம்பரிலே கீல் துறைமுகத்து மாலுமிகள் கலகஞ் செய்தனர். 9ஆந் திகதி கைசரின் முடி துறக்கப்பட்டது. பசி, நான்காண்டுகள் சென்று, தோல்வியோடு கூடியபோதே ஆட்சியை வீழ்த்தத் துணைநின்றது. யுத்தம் ஓய்ந்த பின்னும் 1919 யூலை வரை முற்றுகை முற்றாக நீக்கப்படவில்லை. அதன் துன்பத்தை அனுபவித்தவர் கைசரல்லர், பேர்லின் நகரத்துத் தாய்மாரும் குழந்தைகளுமே.

தடையினால் ஆட்சியின் பிடி இறுகுவதும் உண்டு. 1990 ஓகத்து 2ஆந் திகதி ஈராக்கு குவைத்தைக் கைப்பற்ற, நான்கு நாளிலே ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை பெருந்தடை விதித்தது. 1991இலே படைபலத்தால் குவைத்து மீட்கப்பட்டது. தடையோ 2003 வரை நீடித்தது. அக்காலமெல்லாம் மாவும் அரிசியும் சீனியும் தேயிலையும் அரசாங்கத்தின் பங்கீட்டு அட்டை மூலமே குடும்பங்களுக்குக் கிடைத்தன. உணவுக்கு ஆட்சியாளனையே எதிர்பார்த்திருப்பவன் அவனை எதிர்த்தெழுவது எங்ஙனம்? சதாம் உசேனை நீக்கியது அந்நியப் படையெடுப்பேயன்றித் தடையன்று. அண்மையில், 2022இலே உக்கிரேன்மீது படையெடுத்த இரசியாவின் மத்திய வங்கிப் பணத்தில் ஏறக்குறைய 30,000 கோடி டொலர் முடக்கப்பட்டது. அந்நாடு தன் எண்ணெயைச் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் திருப்பி விற்றது. 2023 யூனிலே அவ்வாட்சிக்கு எதிராக எழுந்த கலகமும், வெறுங்கடையின் முன் நின்ற மக்களிடமிருந்தன்றி, போரை நடத்துமுறை பற்றிப் பிணங்கிய கூலிப்படையினரிடமிருந்தே பிறந்தது.

இவ்வுண்மையை அறிய நம்மவர் நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்தும் பசளையும் தடுக்கப்பட்ட காலத்திலே, மின்னொளியின்றி, ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலே ஒரு தலைமுறை மாணவர் படித்தனர். யாமும் அவ்வொளியிற் படித்தோரே. சங்கக்கடை வாயிலிலே கூப்பன் அட்டையோடு காத்து நின்ற தாய்மாரின் கவலை, நாளைக்கு விளக்கெரியுமா என்பதேயன்றி, எவர் ஆளல் வேண்டும் என்பதன்று. வரிசையில் நிற்பவர்க்கு ஆட்சியை மாற்றும் வல்லமையும் இல்லை. அதற்குரிய ஓய்வும் இல்லை.

இதனாற் பொருளாதாரத் தடை பயனற்றதென்று யாம் கூறுவோமல்லேம். அநீதியான போரை நடத்துபவனுக்கு எண்ணெயும் ஆயுதமும் விற்காதிருத்தல் பிற நாடுகளின் கடமையேயாம். அதனை விரைவாகவும் முழுமையாகவும் செய்யின் போர் வலி குறையும். ஆயினும், மக்களைப் பட்டினி போட்டால் அவர்களே தம் ஆட்சியாளனைத் துரத்துவர் என்னுங் கணக்கு வரலாற்றிலே பெரிதும் பிழைத்துப்போன கணக்காகும். ஆட்சிப் பிடி தளர்வது, படையும் அதிகாரிகளும் தம் தலைவனில் நம்பிக்கை இழக்கும்போதே. அவ்விழப்பைத் தடை விரைவுபடுத்தலாம், தானே உண்டாக்குதல் அரிது.

ஆதலின், நம் மாணவர் எங்கேனும் ஒரு நாட்டின்மீது தடை விதிக்கப்பட்டதெனச் செய்தி படிக்கும்போது இரண்டு வினாக்களைத் தம்முட் கேட்டுக்கொள்வாராக: இத்தடை போரின் எண்ணெயைத் தடுக்கின்றதா, அன்றி வீட்டு விளக்கின் எண்ணெயைத் தடுக்கின்றதா? இதனை விதிப்போர் தாமும் அதனாற் சிறிது இழக்க உடன்படுகின்றனரா? இவ்விரண்டிற்கும் விடை கண்டவர் அத்தடையின் பயனையும் பெரும்பாலும் கண்டவராவர்.