உறைவது பாதி, கரைவது மீதி

கன்னிவாடியில் பத்தாம் வகுப்புக்கு இரத்தம் உறைதலை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "எங்கப்பாவுக்குக் கிட்னி மாத்தினாங்க சார். புண்ணு ஆறுறதுக்கு முன்னாடியே ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்க. உறைஞ்சாத்தானே புண்ணு ஆறும்?"

த்ராம்பின், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் வலையாக்குவதோடு நம் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உடலிலோ வலை பின்னும்போதே அதை அறுக்கும் வேலையும் தொடங்கிவிடும். அறுப்பது பிளாஸ்மின் என்னும் நொதி. அதை உருவாக்க உதவும் யூரோகினேஸைச் சிறுநீரகமே சுரக்கிறது. மனிதச் சிறுநீரில் கண்டறியப்பட்டதால்தான் அந்தப் பெயர்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் வெற்றிகரமாக நடந்த சிறுநீரக மாற்று முதல் இன்றுவரை, புதிய உறுப்பின் தமனியையும் சிரையையும் நோயாளியின் இரத்தக் குழாய்களோடு தைத்தே இணைக்கிறார்கள். தைத்த இடமும் காயம்தான். அங்கே கட்டி உறைந்து சிரை அடைபட்டால், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், சிறுநீரகமே பறிபோகலாம். உடல் அதை நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு, பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் புரதத்தைக் கூட்டுகிறது. அதாவது கரைக்கும் கை தளர்கிறது. அதனால்தான் சிலருக்கு ஹெப்பாரின் ஊசி. அளவு மிஞ்சினால் புண்ணில் இரத்தம் கசியும். மடையைத் திறப்பதிலும் அடைப்பதிலும் உள்ள கணக்குத்தான்; வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கியது.

மாற்றுச் சிறுநீரகத்தோடு படிக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் உடனே பெற்றோரை அழையுங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.