நாம் நிற்கும் இடம் கைபேசிக்கு எப்படித் தெரிகிறது?

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சஞ்சரிக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நம்மைப் பார்ப்பதுமில்லை, நம் இருப்பிடத்தை அறிவதுமில்லை என்றால் நீங்கள் ஆச்சரியப்படக்கூடும்; தாம் இருக்கும் இடத்தையும் அக்கணத்தின் நேரத்தையும் சதா அறிவித்துக்கொண்டிருப்பதே அவற்றின் காரியம்.

சரியாக ஆறு மணிக்கு அடிக்கப்படும் கோயில் மணியின் நாதம் மூன்று விநாடி தாமதித்து உங்கள் செவியை எட்டுமானால், கோயில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கணித்துவிடலாம் அல்லவா? (கையில் பிசகாத கடிகாரம் இருந்தால்தான்!) அவ்வாறே மூன்று செயற்கைக்கோள்களின் தூரங்களைக் கண்டு, மூன்றுக்கும் பொருந்துகிற இடத்தைக் கைபேசி நிர்ணயிக்கிறது.

ஆனால் ஒளியின் வேகத்தில் வரும் ரேடியோ அலையைக் கணக்கிடுகையில், விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அங்கே அணுக்கடிகாரம், நம் கையிலோ சாமானியக் கடிகாரம். இதன் பிழையையும் கண்டறிந்து நீக்குவதற்காகவே நான்காவது செயற்கைக்கோள் அவசியமாகிறது.